ஃப்ளிப்பர் கத்தி திக்காமல் திறக்க: புதிதாக வாங்கியவர்களுக்கு

ஃப்ளிப்பர் ரக மடக்குக் கத்தியை முதன்முதலாக வாங்குகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீடியோவில் ஒருவர் ஒற்றை விரலால் சுண்டுகிறார், அலகு 'டக்'கென்று வெளியே வந்து பூட்டிக்கொள்கிறது. நம் கையில் அதே கத்தி பாதி வழியில் நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் அசையவே மாட்டேன் என்கிறது. "பீஸ் சரியில்லை" என்று திருப்பி அனுப்பக் கிளம்பிவிடுகிறோம். சில நேரம் கத்தியிலேயே குறை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் கோளாறு சுண்டுகிற விரலிலும் இல்லை, கத்தியிலும் இல்லை. பிடித்துக்கொண்டிருக்கிற மற்ற விரல்களில் இருக்கிறது.

பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பயணத்தில் ஒரு ஆப்பிள் நறுக்க என்று சின்னக் கத்தி ஒன்றை வைத்துக்கொள்ளும் ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வித்தை காட்ட நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

மூடிய கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடியின் முதுகுப் பக்கம், அலகு சுழலும் அச்சான பிவட் ஸ்க்ரூவுக்கு அருகில், ஒரு சின்னத் துருத்தல் தெரியும். அது பிடியோடு சேர்ந்தது அல்ல. அலகின் அடிப்பகுதிதான் அந்த இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதைக் காது என்று வைத்துக்கொள்வோம். காதைப் பின்னால் தள்ளினால் அலகு பிவட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். முழுக்கத் திறந்ததும் அதே காது பிடிக்குள் புகுந்து கீழ்ப்பக்கம் வெளிவந்து, ஆள்காட்டி விரலுக்கு முன்னால் தடுப்பாக நின்றுகொள்ளும். வேலை செய்யும்போது விரல் வழுக்கி அலகின் மேல் போகாமல் காப்பது அதுதான். அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் கிட் கார்சன், சி.ஆர்.கே.டி. நிறுவனத்துக்காகச் செய்த எம்16 வரிசையில் இந்தக் காது பலருக்கும் அறிமுகமானது. அந்த நிறுவனம் அதற்குக் 'கார்சன் ஃப்ளிப்பர்' என்றே பெயர் வைத்திருந்தது.

சரி, மூடியிருக்கும்போது அலகைப் பிடித்து வைத்திருப்பது எது? லைனர் லாக், ஃப்ரேம் லாக் என்ற இரண்டு வகைப் பூட்டுள்ள கத்திகளில், திறந்த அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டுத் தகட்டில் கடுகளவு குண்டு ஒன்றைப் பதித்திருப்பார்கள். எஃகாக இருக்கும், அல்லது செராமிக். அலகின் அடிப்பகுதியில் அதற்கேற்ற ஒரு சின்னக் குழி. கத்தியை மூடும்போது குண்டு குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். இந்த ஏற்பாட்டின் பெயர் டிடென்ட். பையில் கிடக்கும் கத்தி தானாக வாய் பிளக்காமல் இருப்பது இதனால்தான்.

டிடென்ட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காதை அழுத்தத் தொடங்கியதும் குண்டு உடனே விட்டுக்கொடுக்காது. விரலில் விசை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குண்டு குழியைவிட்டு ஏறிவிடும். அதுவரை சேர்ந்த விசை மொத்தமும் அந்த நொடியில் அலகுக்குப் போகும். ஸ்ப்ரிங் எதுவும் இல்லாமலே அலகு பாய்ந்து வருவது இப்படித்தான். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறவர் முழங்கையை வீசுவதில்லை. விரலைக் கட்டைவிரலில் கொஞ்சம் மாட்டி, விசை ஏற்றி, விடுகிறார். இங்கே அந்தக் கட்டைவிரலின் வேலையை டிடென்ட் பார்த்துக்கொள்கிறது.

இது புரிந்துவிட்டால் கடையில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பைத் தவிர்க்கலாம். காதைத் தொட்டதும் லேசாக நகரும் கத்தியை "ஸ்மூத்" என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். டிடென்ட் பலவீனமான கத்தி அப்படித்தான் நகரும், ஆனால் சோம்பலாகத் திறக்கும். விசை சேரவே அதில் இடமில்லை. மூடிய கத்தியை, காதும் பிவட்டும் மேலே இருக்கும்படி பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள், அப்புறம் தலைகீழாகவும் ஒரு தடவை. எந்தப் பக்கம் பிடித்தாலும் அலகு வெளியே வரக் கூடாது. வந்தால் அந்தக் கத்தி வேண்டாம்.

ஸ்ப்ரிங் உதவியோடு திறக்கும் ரகமும் இருக்கிறது. கெர்ஷா நிறுவனத்தின் லீக் அதற்குப் பிரபலமான உதாரணம். கென் ஆனியன் வடிவமைத்தது. அதில் காதைக் கொஞ்சம் நகர்த்தினால் மீதியை உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பி பார்த்துக்கொள்ளும். நான் பேசப்போவது அது இல்லாத, முழுக்க விரலால் திறக்கும் ரகத்தைப் பற்றி. சீனாவின் யாங்ஜியாங் நகரத் தயாரிப்பான சிவிவி எலிமென்டம் இந்த வகையில் புதியவர்கள் நிறைய வாங்குகிற கத்தி. சுமார் 75 மி.மீ. அலகு, லைனர் லாக், பிவட்டில் பேரிங். பெரிய கத்தியில் பழகுவதைவிட இந்த அளவில் பழகுவது நல்லது.

காது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

பிவட் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து காதின் நுனிக்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் தள்ளினால்தான் அலகு சுழலும். கோட்டின் வழியாகவே, பிவட்டை நோக்கி, எவ்வளவு அழுத்தினாலும் விரல் வலிக்குமே தவிர ஒன்றும் நடக்காது. "கல்லு மாதிரி இருக்கு" என்று புதியவர்கள் சொல்வது பல நேரம் இதனால்தான். பலம் போதாமல் இல்லை, திசை தப்பு.

காது பிவட்டிலிருந்து பின்பக்கம், அதாவது பிடியின் வால் பக்கமாகத் தள்ளி இருந்தால், பிடிக்குள் அழுத்தினாலே திறந்துவிடும். இதைப் பட்டன் முறை என்பார்கள். காது பிவட்டுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருந்தால் அந்த அழுத்தல் வேலைக்கு ஆகாது. விரலைக் காதின் முன்பக்கத்தில் வைத்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இது சுவிட்ச் முறை, சுவரில் லைட் சுவிட்சைத் தட்டுகிற அசைவு. நடைமுறையில் நிறையக் கத்திகள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. பின்னும் கீழுமாகச் சாய்வாகத் தள்ளும்போது நன்றாகப் பேசும்.

கத்தி எந்த ரகம் என்று தெரியவில்லையா? இரண்டு முறையிலும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எந்தத் திசையில் குறைந்த அழுத்தத்தில் குண்டு விட்டுக்கொடுக்கிறதோ அதுதான் உங்கள் கத்தியின் திசை. இனிமேல் அதை மாற்றாதீர்கள்.

பிடியின் முன்முனையில் காது இருக்கும் ரகமும் உண்டு. அதைக் கட்டைவிரலால் உருட்டித் திறக்க வேண்டும். முற்றிலும் வேறு பழக்கம் அது, முதல் கத்தியாக வாங்க வேண்டாம்.

மற்ற மூன்று விரல்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கத்தியை வலக்கையில், காது மேலே பார்க்க, பிவட் உள்ள முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, மேலிருந்து பிடியுங்கள். கட்டைவிரல் இடப்பக்கத் தட்டையில் வரும். நடுவிரலும் மோதிரவிரலும் வலப்பக்கத் தட்டையில். வால் பக்கம் உள்ளங்கையில் சாய்ந்து நிற்கட்டும், சுண்டுவிரல் வசதிப்பட்ட இடத்தில் ஒதுங்கட்டும். கீழே, அலகு வெளியே வருகிற வாய்ப்பக்கத்தில், ஒரு விரலும் இருக்கக் கூடாது. உள்ளங்கைச் சதைகூட அங்கே பிதுங்கக் கூடாது. அலகு அந்த வழியாகத்தான் அரைவட்டம் போட்டு வரப்போகிறது. விரல் நுனிகள் பிடியைச் சுற்றிக் கீழே மடங்கினால் இரண்டு கெடுதல்: அலகு விரலில் இடித்து நிற்கும், கூர்மையான பக்கம் விரலுக்கு அருகில் வரும்.

அடுத்தது பூட்டுத் தகடு. கடைகளில் கிடைக்கும் கத்திகள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கானவை. அவற்றில் பூட்டுத் தகடு வலப்பக்கம் இருக்கிறது. நம் நடுவிரலும் மோதிரவிரலும் அழுத்துகிற அதே பக்கம். ஃப்ரேம் லாக் கத்தியில் பிடியின் உலோகத் தகட்டிலேயே ஒரு நீளக் கீறல் போட்டு, வாய்ப்பக்கப் பாதியை உள்நோக்கி வளைத்துப் பூட்டாக ஆக்கியிருப்பார்கள். டிடென்ட் குண்டு அதில்தான் இருக்கிறது. விரல் நுனி அந்தப் பாதியில் பட்டு உள்ளே அழுத்தினால் குண்டைக் குழிக்குள் இன்னும் இறுக்குகிறோம் என்று அர்த்தம். ஆள்காட்டி விரல் திறக்கப் பார்க்கிறது, நடுவிரல் பூட்டிப் பிடிக்கிறது. புதியவர் பயத்தில் கத்தியை இன்னும் இறுகப் பிடிப்பார், அது இன்னும் திறக்காது, இன்னும் இறுக்குவார். இப்படியே போகும்.

இதை நான் சொல்லி நம்புவதைவிடச் செய்து பாருங்கள். ஃப்ரேம் லாக் கத்தி கையில் இருந்தால் பூட்டுத் தகட்டின் நடுவில் வேண்டுமென்றே நடுவிரலை வைத்து அழுத்திக்கொண்டு காதைத் தள்ளுங்கள். விரல் நுனி வெளுத்துப்போகும், அலகு நகராது, நகர்ந்தாலும் முனகிக்கொண்டு பாதி வரை வரும். அப்புறம் அதே விரலை ஒரு சென்டிமீட்டர் மேலே, காது இருக்கும் முதுகு விளிம்பை ஒட்டி, கீறலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். அங்கே தகடு வளையாத முழுத் தகடு. அதே அழுத்தம், அதே திசை; கத்தி வேறு கத்தி போல் திறக்கும்.

ஆக விரல் நுனிகளுக்கான இடம், முதுகு விளிம்பை ஒட்டிய பாதி. கை சின்னதாக இருந்து எட்டவில்லை என்றால் விரல்களைப் பின்னால், வால் பக்கமாகத் தள்ளி வையுங்கள். பாக்கெட் கிளிப்பையும் கவனியுங்கள். சில கத்திகளில் கிளிப்பின் நுனி பூட்டுத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கிளிப்பை அழுத்தினாலும் தகட்டை அழுத்தினதுதான்.

லைனர் லாக் கத்தியில் இந்தத் தொந்தரவு குறைவு. பூட்டு, பிடியின் மேலோட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் மெல்லிய தகடு; மேலோட்டை அழுத்துவது அதைப் பாதிக்காது. பூட்டை விடுவிக்க விட்டிருக்கும் வெட்டுப் பள்ளத்தில் மட்டும் விரல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் கத்தி லைனர் லாக்காக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பட்டனை அழுத்திப் பூட்டை விடுவிக்கும் பட்டன் லாக் கத்தியாக இருந்தால் பட்டன்மேல் கட்டைவிரல் படக் கூடாது. பட்டன் அழுந்தியிருந்தால் அலகைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது, விசை சேராது, அலகு தொங்கிக்கொண்டு வரும்.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலக்கைக் கத்தியை இடக்கையில் பிடித்தால் பூட்டுத் தகட்டின் மேல் வருவது கட்டைவிரல். நடுவிரலைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் கட்டைவிரலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்டுவது

ஆள்காட்டி விரலின் நுனிச் சதை, நகத்துக்கும் முதல் மடிப்புக்கும் நடுவில் இருக்கும் பகுதி, காதின் மேல் உட்காரட்டும். மடிப்பையே வைத்தால் விரல் காதில் சுற்றிக்கொள்ளும், சமயத்தில் விலகாது. நுனியின் கடைசி விளிம்பை வைத்தால் வழுக்கும்.

தூரத்திலிருந்து விரலை ஓங்கித் தட்டக் கூடாது. முதலில் தொடுங்கள். தொட்டபடியே, சற்று முன்பு கண்டுபிடித்த திசையில் அழுத்தத்தை ஏற்றுங்கள். குண்டு இன்னும் விடவில்லை, ஆனால் விடப்போகிறது என்று விரலுக்குத் தெரிகிற ஒரு இடம் வரும். காது கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்து கெட்டியாக நிற்கும். அந்த இடம்தான் முக்கியம். அங்கே தயங்காமல் ஒரே மூச்சில் தள்ளிவிடுங்கள். பழகப் பழக இந்த இரண்டு கட்டமும் ஒன்றாகி, பார்ப்பவருக்கு ஒரே தட்டு போலத் தோன்றும்.

குண்டு விட்ட பிறகு விரல் என்ன செய்ய வேண்டும்? நிறையப் பேருடைய அலகு அரைவழியில் நிற்பதற்கு இங்கே விடை இருக்கிறது. சிலர் காது நகர்ந்ததும் சூடு பட்டதுபோல் விரலை எடுத்துவிடுகிறார்கள், அலகுக்குப் பாதி விசைதான் போய்ச் சேர்கிறது. சிலர் விரலைக் காதோடு ஒட்டிக்கொண்டே மெதுவாகப் பிடிக்குள் கொண்டுபோகிறார்கள். அப்போது அலகின் வேகம் விரலின் வேகம்தான். இரண்டும் வேண்டாம். விரல் தள்ளிய திசையிலேயே போகட்டும், காது விரலுக்கடியிலிருந்து நழுவிப் பிடிக்குள் மறையட்டும், விரல் பிடியின் முதுகில் போய்த் தட்டி நிற்கட்டும். விரலுக்கு 'முடிந்தது' என்று தெரிவது காதில் இல்லை, முதுகில்.

அலகு கடைசி வரை வந்து பூட்டும்போது பிடியில் ஒரு அதிர்வு தெரியும், 'டக்' என்று சத்தமும் வரும். சத்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். லைனர் லாக்கில் பூட்டுத் தகடு அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம், அலகு மடங்கும் வழியில் விரல் எதுவும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மறுகையால் லேசாகக் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால் வேலைக்குத் தயார். அரைகுறையாகத் திறந்த கத்தியால் எதையும் அறுக்கத் தொடங்கவே கூடாது. அப்படிப் பூட்டாமல் விட்ட கத்தி விரலிலேயே மடங்கிவிடலாம்.

மணிக்கட்டை விட்டுவிடுங்கள்

பாதியில் நிற்கும் அலகை மணிக்கட்டை உதறி முடித்துவைக்கிற பழக்கம் ரொம்பச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உதறினால் திறக்கத்தான் செய்யும். ஆனால் உதறும்போது பிடி கையில் தளர்கிறது, அலகு எந்தத் திசையில் பாய்கிறது என்பது உங்கள் வசத்தில் இல்லை, விரல் எங்கே தப்பு செய்கிறது என்பதும் கடைசிவரை தெரியாமலே போகும். முழங்கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டையும் மேஜை விளிம்பில் சாய்த்துக்கொண்டு பழகினால் இந்தப் பழக்கம் தலைகாட்டாது. அந்த நிலையில் திறந்தால்தான் உண்மையில் விரலால் திறந்தீர்கள்.

உதறித் திறப்பதற்குச் சட்டச் சிக்கலும் இருந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 'கிராவிட்டி கத்தி', அதாவது தன் எடையாலோ உதறலாலோ திறந்துகொள்ளும் கத்தி, வைத்திருப்பது குற்றம் என்று ஒரு பழைய சட்டம். மணிக்கட்டை உதறித் திறக்க முடிந்தால் அது கிராவிட்டி கத்திதான் என்று போலீசார் எடுத்துக்கொண்டதால், கடையில் சாதாரணமாக விற்ற மடக்குக் கத்தியை வேலைக்கு வைத்திருந்தவர்கள்கூடக் கைதானார்கள். 2019 மே மாதம்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

நம் ஊர் நிலவரம் வேறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான், வீட்டு வேலை, விவசாயம், தொழிற்சாலை போன்ற உபயோகத்துக்குச் செய்தவை நீங்கலாக, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. டெல்லியில் இதற்கு மேல் தனி அறிவிக்கை ஒன்று உண்டு: ஸ்ப்ரிங், பட்டன் போன்ற அமைப்பால் திறக்கும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்பதே அங்கே எல்லை. பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தாலே அங்கே குற்றம். பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்திக்கு மட்டும்தான் விலக்கு. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். சட்டம் இடம் கொடுக்கிற ஊரிலும், பஸ்ஸிலோ ஆபீஸிலோ உட்கார்ந்து 'டக் டக்' என்று திறந்து மூடிக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழகும்போது

கூர்ப்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மூடும்போது பிடிக்குள் உரசினால் டேப்பை ஒரே மடிப்பாக மெல்லிசாக ஒட்டினால் சரியாகிவிடும். மேஜைக்கு முன்னால் உட்காருங்கள், மேஜையில் ஒரு தடித்த துணி விரியுங்கள். மடிக்கு மேலே பிடித்துப் பழக வேண்டாம், எதிரில் ஆள் இருக்க வேண்டாம், குழந்தைகள் அறையிலேயே வேண்டாம். கத்தி கையிலிருந்து நழுவினால் விழட்டும். பிடிக்கக் கை போகக் கூடாது. காலில் செருப்பு இருப்பதும் நல்லதுதான்.

முதல் நாள் சுண்டவே வேண்டாம். இடக்கையால் அலகின் முதுகைக் கிள்ளிப் பிடித்து, வலக்கையால் காதை மெதுவாகத் தள்ளி, குண்டு குழியைவிட்டு ஏறும் இடத்தைத் திரும்பத் திரும்ப உணருங்கள். அந்த இடம் விரலுக்கு மனப்பாடம் ஆன பிறகுதான் வேகம். விரல் சிவந்தாலோ வலித்தாலோ அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம். வலிக்கும் விரல் திசையைத் தப்பாகக் கற்றுக்கொள்ளும். காதின் மேல் பல் பல்லாக வெட்டியிருக்கும் கத்திகள் வழுக்காது, ஆனால் முதல் சில நாட்கள் விரலைக் கொஞ்சம் படுத்தும்.

மூடுவது

எல்லோரும் திறப்பதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள், காயம் மூடும்போது படுகிறது. லைனர் லாக்கை ஒரு கையால் மூட, கட்டைவிரலைப் பிடியின் வாய்க்குள் விட்டுப் பூட்டுத் தகட்டை வலப்பக்கமாக ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் கட்டைவிரல் அலகு வருகிற வழியில் இருக்கிறது.

இங்கேயும் காது கைகொடுக்கும். பூட்டை ஒதுக்கியதும் அலகை ஒரேயடியாக மூடாமல் கொஞ்சம் மட்டும் மடக்குங்கள். காது பின்னால் வந்து ஆள்காட்டி விரலில் முட்டி நிற்கும். கூர் இல்லாத மொக்கைப் பகுதி அது, பயப்பட வேண்டாம். அலகு அங்கே நிற்கும்போது பூட்டுத் தகடு திரும்பப் பூட்டிக்கொள்ளும் நிலையைத் தாண்டிவிட்டது. இப்போது கட்டைவிரலை வெளியே எடுத்து அலகின் முதுகில் வையுங்கள், ஆள்காட்டி விரலை விலக்குங்கள், கட்டைவிரலால் தள்ளி மூடுங்கள். கடைசியில் குண்டு குழிக்குள் விழும் மெல்லிய 'க்ளிக்' கேட்கும். அது கேட்காவிட்டால் கத்தி மூடவில்லை, பையில் போடாதீர்கள்.

ஆரம்பத்தில் இரண்டு கையாலும் மூடுவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் திக்கினால்

அப்போது கத்தியைப் பார்க்கலாம். முதலில் பிவட் ஸ்க்ரூ. ரொம்ப இறுக்கமாக இருந்தால் அலகு இழுத்துக்கொண்டு வரும். தளர்ந்திருந்தால் வேகமாக வரும், ஆனால் இடம் வலமாக ஆடும். பிவட் பெரும்பாலும் டி8 ஸ்டார் பிட், மற்ற ஸ்க்ரூக்கள் டி6. அளவு தப்பான பிட்டைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூத் தலை மழுங்கிவிடும், பிறகு அதைக் கழற்றுவது பெரிய பாடு. எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள், திறந்து பாருங்கள், ஆட்டம் இருக்கிறதா என்று அலகைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு துளி இறுக்கினால் அதுதான் சரியான இடம். ஸ்க்ரூ நகரவே இல்லையென்றால் ஸ்க்ரூவின் மரையில் நீலப் பசை போட்டிருப்பார்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டுத் திருப்புங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

பிவட்டில் வாஷர் இருக்கிறதா பேரிங் இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் உள்ள கத்தி புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், திறந்து மூட மூட வழிக்கு வரும். பேரிங் உள்ளது முதல் நாளே சுலபமாகச் சுழலும், ஆனால் தூசிக்கு அதற்குப் பொறுமை கிடையாது. ஜீன்ஸ் பையின் பஞ்சும் மணலும் உள்ளே போனால் திறக்கும்போது 'கரகர' என்று விரலுக்கே தெரியும். கத்தியைத் திறந்து வைத்து, பிவட்டைச் சுற்றி ஊதிவிட்டு, காது குடையும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். காய்ந்த பிறகு பிவட்டின் இரு பக்கமும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பூட்டுத் தகடு அலகில் வந்து முட்டும் முகத்தில் எண்ணெய் வேண்டாம். கத்தியால் பழம், காய் நறுக்குகிறவர்கள் உணவுக்கு உகந்த மினரல் ஆயில் வாங்கிக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயை மட்டும் விடாதீர்கள். வீட்டில் கைக்கு எட்டுகிற எண்ணெய் என்று பலர் அதைத்தான் விடுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், ஏசி அறையிலேயே கத்தி திக்கும். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூ.டி.-40 அழுக்கைக் கழுவ உதவும். உராய்வைக் குறைக்க அதை மட்டும் நம்ப முடியாது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அலகையும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துவையுங்கள். எலிமென்டம் போன்ற கத்திகளில் வரும் டி2 எஃகு முழுத் துருப்பிடிக்கா எஃகு அல்ல. உப்புக் காற்றில் புள்ளி விழும்.

பூட்டுத் தகட்டை வளைத்து டிடென்ட்டைக் கூட்டுவது, குறைப்பது பற்றி வீடியோக்கள் கிடைக்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் அதிகமாக வளைந்தால் திறப்பது மட்டுமல்ல, பூட்டும் கெட்டுப்போகும். கத்தியை முழுக்கக் கழற்றுவதும் முதல் மாதம் வேண்டாம். சில பேரிங்குகளில் குண்டுகள் கூட்டுக்குள் இல்லாமல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், தரையில் உருண்டு போனால் தேடி எடுப்பது நடக்காது. துடைத்து, எண்ணெய் விட்டு, பிவட்டைச் சரிசெய்து, விரல்களையும் ஒதுக்கி வைத்த பிறகும் அலகு பாதியிலேயே நிற்கிறதென்றால் கத்தியில்தான் குறை. அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

சில நாள் பழகியதும் அலகின் அடிப்பகுதியில் வில் போல ஒரு மெல்லிய கோடு விழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள். டிடென்ட் குண்டு உரசிப் போன தடம் அது. எல்லா லைனர் லாக், ஃப்ரேம் லாக் கத்திகளிலும் விழும். அந்தக் கோட்டின் மேல் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவை தடவிவிட்டால் திறப்பது இன்னும் இளகும்.